நந்தா விளக்கும் நாள்தோறும் உழக்கு நெய்யும்

ஐப்பசித் திங்கள் அமாவாசை வைகறையில் பாவாபுரியில் பகவான் மகாவீரர் வீடுபேறு எய்தினார். அந்நாளிலேயே கௌதம கணதரர் கேவலஞானம் பெற்றார். மறுநாள் தொடங்கி நமக்குப் புத்தாண்டு. வீர நிர்வாண ஆண்டு அன்றே பிறக்கிறது. தீபாவளிக்குப் பின்வரும் நாள்களில் பொது ஆண்டுடன் 527ஐக் கூட்டினால் அவ்வாண்டின் எண் கிடைக்கும். சித்திரை முதல் நாளையும் நாம் புத்தாண்டாகக் கொண்டாடுகிறோம். எனினும் ஒரு பெருநாளின் மறுநாளே புதிய ஆண்டு பிறக்கும் அமைப்பு இதற்கே உரியது. கி.பி. 783இல் ஹரிவம்ச புராணத்தை முடித்த ஜினசேனர், மகாவீரர் வீடுபேறுற்றபோது பாவாநகர் விளக்குகளால் ஒளிர்ந்ததையும், அது முதல் மக்கள் ஆண்டுதோறும் தீபாலிகை கொண்டாடுவதையும் அந்நூலில் குறித்திருக்கிறார். தீபாவளி விளக்கைப் பற்றிய பழைய எழுத்துச் சான்றுகளுள் இது சிறப்பாக எண்ணத்தக்கது.

ஆனால் ஆண்டு பிறந்த மூன்றாம் நாள் என்ன நிகழ்கிறது? எண்ணெய்க் குளியல், புத்தாடை, ஜினாலயத்தில் வைகறை வழிபாடு, உறவினர் வீடுகளுக்குச் செல்லும் பலகாரத் தட்டு, பேரப்பிள்ளைகளின் ஆரவாரம் ஆகிய யாவும் இரண்டு நாளில் அடங்கிவிடுகின்றன. அகல் விளக்குகள் கழுவப்பட்டுப் பரணில் ஏறுகின்றன. ஊரிலிருந்து வந்தவர்கள் பேருந்து ஏறுகிறார்கள். மகிழ்ச்சி முடிந்து ஆண்டு தொடங்குகிறது என்றே நாம் பழகிவிட்டோம். நம் வட்டாரத்துக் கல்வெட்டுகளைப் படிக்கும்போது, முன்னோர் இதை வேறு விதமாகக் கணக்கிட்டிருந்தனர் என்பது தெரியவருகிறது. பெருநாளின் சிறு இன்பங்களை அவர்கள் நினைவில் மட்டும் வைக்கவில்லை. இன்னார் இன்ன அளவில் நாள்தோறும் செய்யவேண்டும் என்று கல்லில் எழுதிவைத்தார்கள்.

இதற்கு முதற்கண் உத்திரமேரூருக்குச் செல்வோம். வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரில் உள்ள முதலாம் பராந்தக சோழனின் 12ஆம், 14ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) குடவோலை முறைக்காகப் புகழ்பெற்றவை. ஊரை 30 குடும்புகளாகப் பிரித்து, குடும்புக்கு ஒருவராகப் பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டு, ஒரு சிறுவனைக் கொண்டு எடுப்பித்தனர் என்பதைப் பள்ளிப்பிள்ளைகளும் அறிவர். அவ்வாறு தேர்ந்த முப்பதின்மருள் பன்னிருவர் சம்வத்சர வாரியம். பன்னிருவர் தோட்ட வாரியம். அறுவர் ஏரி வாரியம். சம்வத்சரம் என்றால் ஆண்டு. ஆண்டின் பெயராலேயே ஒரு வாரியம் அமைந்திருந்தது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. அவர்கள் 360 நாள் பணிபுரிந்து விலகவேண்டும். பின்னர் மூன்றாண்டுகளுக்கு அவர்கள் பெயர் குடத்தில் விழாது. கணக்குக் காட்டாதவருக்கும் அவருடைய நெருங்கிய உறவினருக்கும் வாய்ப்பே இல்லை.

இதனை இன்றைய மக்களாட்சியின் தாய் என்று மேடைகளில் முழங்குவது மிகை. அது நான்மறையாளர் ஊர். கால்வேலிக்கு மேல் இறைநிலம் உடையவரும், 35 வயதுக்கு மேல் 70க்குள் உள்ளவருமான ஆடவர்க்கே அங்கு இடம். சமணருக்கு அந்தச் சபையில் பங்கு இருந்ததில்லை. ஆயினும் அவ்வூரார் கண்டறிந்த ஒன்று நமக்கும் உரியது. தோட்டத்தின் பூவும் கனியும், வயிரமேகத் தடாகம் என்னும் பல்லவர் காலத்து ஏரியின் நீரும் ஒருநாள் விழாவுக்கு மட்டும் போதுமானால் வாரியம் வேண்டியதில்லை. ஆண்டு முழுவதும் வேண்டுமானால் ஆளும் நாளும் குறித்தாக வேண்டும். அந்த ஏரியில் தூர் எடுப்பதற்கென்று தனியே பொன் வைத்து, அதன் வட்டியைச் செலவிட ஏற்பாடு செய்த அறச்செயலும் அவ்வூர்க் கல்வெட்டுகளில் காணப்படுகிறது. நன்மழை பெய்து ஏரி நிரம்பிய நாளில் ஊர் முழுதும் மகிழ்வது இயல்பு. தூர் எடுக்கக் காசு ஒதுக்குவது அந்த மகிழ்ச்சியை அடுத்த ஆண்டுக்கும் கொண்டுசெல்லும் செயல்.

விளக்கைப் பற்றிய கணக்கு இதைவிட நுட்பமானது. சோழர் காலத்தில் ஒருவர் கோயிலில் நந்தா விளக்கு ஏற்ற விரும்பினால், ஒரு நாளைக்கு வேண்டிய நெய்யைக் கொடுத்துவிட்டுப் போவதில்லை. பெரும்பாலும் 96 ஆடுகளைக் கோயிலில் ஒப்படைப்பார். சில ஊர்களில் 90. அவற்றை இடையர் ஒருவர் ஏற்றுக்கொண்டு நாள்தோறும் உழக்கு நெய் அளப்பார். நாழிக்கு நான்கு உழக்கு ஆதலின் 360 நாளைக்கு 90 நாழி நெய். ஆடு மூப்படைந்தால் குட்டி அதன் இடத்தை நிரப்பும்; எண்ணிக்கை குறையலாகாது. எனவேதான் அவற்றைச் சாவா மூவாப் பேராடு என்று கல்வெட்டுகள் அழைக்கின்றன. கொல்லாமையை முதல் அறமாகக் கொண்ட நமக்கு இச்சொல் தனி இன்பம் தரும். ஊனுக்காக அன்றிப் பாலுக்கும் நெய்க்குமாக வளர்ந்த மந்தை அது. கொடையாளியின் மனத்தில் ஒருநாள் எழுந்த மகிழ்ச்சி, அவர் மறைந்த பின்னும் ஒவ்வொரு மாலையும் ஓர் உழக்காக அளக்கப்பட்டது.

இனி நம் பள்ளிகளுக்கு வருவோம். உத்திரமேரூர்க் கல்வெட்டுகளை வெட்டுவித்த அதே பராந்தகனின் 38ஆம் ஆட்சியாண்டில் (கி.பி. 945), ஆற்காட்டை அடுத்த விளாப்பாக்கத்தில் பட்டினிக் குரத்தியடிகள் என்னும் துறவி ஒரு கிணறு தோண்டுவித்தார். அவர் திருப்பான்மலை அரிட்டநேமி அடிகளின் மாணாக்கியார். அங்கே பெண் துறவியருக்கான பள்ளியும் இருந்தது. பட்டினி என்பது நோன்பைக் குறிக்கும் பெயர். நோன்பையே பெயராகக் கொண்ட அம்மையார் பிறருக்கென்று விட்டுச்சென்றது அன்றாடம் இறைக்கும் தண்ணீர். அவருக்கும் 60 ஆண்டு முன்பு, ஏறத்தாழ கி.பி. 885இல், முதலாம் ஆதித்தனின் 14ஆம் ஆட்சியாண்டில், வந்தவாசி வட்டாரத்து வேடலில் கனகவீரக் குரத்தியார் 500 மாணாக்கியருடன் இருந்தார். அவர்களுக்கும் வேறு 400 தவப்பெண்டிருக்கும் இடையே பிணக்கு மூண்டபோது, ஊரார் முன்வந்து குரத்தியாரையும் அவர் மாணாக்கியரையும் காத்து உணவளிப்பதாக ஏற்றுக்கொண்டனர். பெண்களுக்குச் சபையில் இடமில்லாத அந்நூற்றாண்டில், ஐந்நூறு பெண்களுக்கு ஆசிரியராக ஒரு பெண் விளங்கினார் என்பது நம் வீட்டுப் பெண்குழந்தைகளுக்குச் சொல்லவேண்டிய செய்தி. ஆகார தானத்தைப் பெருநாளில் செய்வது எளிது. ஐந்நூறு பேருக்கு நாள்தோறும் செய்வதாக ஓர் ஊர் உறுதியேற்பது எளிதன்று.

ஏற்பாடு குலைந்தால் என்ன ஆகும் என்பதற்கும் சான்று உண்டு. பட்டினிக் குரத்தியாரின் ஆசிரியர் வாழ்ந்த திருப்பான்மலை, இன்று பஞ்சபாண்டவமலை எனப்படும். அங்கே முதலாம் இராசராசனின் 8ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று உள்ளது. கூரகன்பாடி என்னும் ஊரின் கற்பூர விலை என்ற வருவாய் பள்ளிக்குச் சேராமல் போனது. இலாடராசன் வீரசோழன் தன் தேவியுடன் வழிபட வந்தபோது, இதனால் பள்ளிச்சந்தம் கெடுகிறது என்று தேவியே எடுத்துரைத்தாள். அரசன் அவ்வருவாயை மீண்டும் பள்ளிக்கே விட்டான். விழாக்காண வந்த இடத்தில் அவள் அன்றாடக் கணக்கைப் பார்த்திருக்கிறாள்! ஊர்த்திருவிழாவுக்குச் செல்லும் நம்மில் எத்தனை பேர் ஜினாலயத்தின் எண்ணெய்ச் செலவை விசாரிக்கிறோம்?

காஞ்சிக்கு அருகிலுள்ள திருப்பருத்திக்குன்றத்தில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். விசயநகர அரசின் அமைச்சரான இருகப்பர் அங்கே எழுப்பிய சங்கீத மண்டபத்தை நாம் அனைவரும் கண்டிருக்கிறோம். அதன் விதானத்து ஓவியங்களை அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலித்தவர்கள் நம்முள் பலர். இசைக்கென்று ஒரு மண்டபம். விழாவின் இன்பத்துக்கு அதனினும் சிறந்த சின்னம் வேண்டியதில்லை. அதனைத் தம் ஆசிரியர் புஷ்பசேனரின் ஆணைப்படி அவர் கட்டியது 1387-88இல். ஆனால் அதற்கும் ஐந்தாண்டு முன்பே, 1382இல், மாவண்டூர்ப் பகுதியிலுள்ள மகேந்திரமங்கலம் என்னும் ஊரைக் கோயிலின் வழிபாட்டுச் செலவுக்கென்று கொடுத்துவிட்டார். அன்றாடப் பூசைக்கு முதலில் வழிசெய்துவிட்டு, அதன் பின்பே விழாவுக்கு மண்டபம் எடுத்திருக்கிறார். இந்த வரிசை தற்செயலானது என்று நான் கருதவில்லை. இன்று நாம் செய்வது பெரும்பாலும் இதன் தலைகீழ். குடமுழுக்கு மலருக்கும் பந்தலுக்கும் நன்கொடை விரைவில் சேர்கிறது. நாள்பூசை செய்யும் உபாத்தியாயருக்கு மாத ஊதியம் சேர்வது அரிதாக இருக்கிறது.

ஆண்டுக்கு ஒருமுறை என்பதற்கும் நாள்தோறும் என்பதற்கும் நடுவே வாரந்தோறும் என்ற வழியையும் நம்மவர் கண்டிருந்தனர். உத்திரமேரூரிலிருந்து தென்மேற்கே வந்தவாசிக்குச் சென்று, அதற்கும் அப்பால் சிறிது தொலைவு போனால் பொன்னூர். ஆதிநாதர் ஆலயத்தில் 1733ஆம் ஆண்டைச் சேர்ந்த கல்வெட்டு ஒன்று உண்டு. ஏலாசாரியருக்கு வாரவழிபாடு நடக்கும் ஞாயிறுதோறும், பார்சுவநாதரையும் ஜ்வாலாமாலினி அம்மனையும் ஊர்ச் சமணர்கள் ஆலயத்திலிருந்து நீலகிரி எனப்பட்ட குன்றுக்கு எழுந்தருளச் செய்யவேண்டும் என்று அது விதிக்கிறது. ஆண்டில் 52 முறை! சுவாமி புறப்பாடு என்றால் சுமப்பவர், குடைபிடிப்பவர், விளக்கேந்துபவர், பின்னே ஓடும் சிறுவர் என எத்தனை பேர்! பெருவிழாவின் ஆரவாரம் அதில் இருந்திராது, பட்டாடை இருந்திராது. ஊர் கூடி ஒரு குன்றுக்கு நடந்துபோகும் இன்பம் மட்டும் இருந்திருக்கும். குந்தகுந்தரின் திருவடிகளைத் தொழ இன்று பொன்னூர்மலை ஏறுவோர் அந்த நடையின் சுவையை ஓரளவு அறிவர்.

வந்தவாசி, செய்யாறு, திண்டிவனம் வட்டாரச் சிற்றூர்களிலிருந்து நம் குடும்பங்கள் பல, பணியின் பொருட்டுச் சென்னைக்கும் பெங்களூருக்கும் அதற்கப்பாலும் சென்றுவிட்டன. பெருநாளில் ஜினாலயம் நிறைகிறது. மற்ற நாள்களில் திறவுகோலை வைத்திருக்கும் முதியவர் ஒருவரே துணை. இந்நிலையில் உத்திரமேரூர்க் கணக்கு கைகொடுக்கும். ஓர் ஊரைச் சேர்ந்த முப்பது குடும்பங்கள் 360 நாளைப் பகிர்ந்துகொண்டால் ஒரு குடும்பத்துக்கு ஆண்டில் பன்னிரண்டு நாள், அதாவது மாதம் ஒரு நாள். அந்த நாளின் எண்ணெயும் பூவும் நைவேத்தியமும் அக்குடும்பத்தினுடையவை. தொலைவில் இருப்போர் அன்று தம் வீட்டில் தீபாவளியன்று போலவே வைகறையில் நீராடி, பரணில் வைத்த அகலை இறக்கி ஏற்றலாம். ஓர் இனிப்புச் செய்து பக்கத்து வீட்டாருக்குக் கொடுக்கலாம். பாட்டி தாத்தாவோடு பிள்ளைகளைத் தொலைபேசியில் பேசவைக்கலாம். அருகில் இருப்போர் நேரில் சென்று விளக்கேற்றலாம். வரும் வீர நிர்வாண ஆண்டின் முதல் நாளில் ஊரார் கூடும்போதே குடும்பங்களின் பெயரைச் சீட்டில் எழுதி, ஒரு குழந்தையைக் கொண்டு எடுப்பித்து, யாருக்கு எந்த நாள் என்று நாட்காட்டியில் குறித்துவிடலாம்.