இருட்டு மாதங்களும் ஒரு வெளிச்சப் பெட்டியும்



லண்டனில் இருக்கும் என் பழைய மாணவர் ஒருவர் போன டிசம்பரில் கோல் எடுத்தார். “சேர், ஒரு காரணமும் இல்லாம மனசு செத்துக் கிடக்கு. வீட்டுக்குச் சொன்னா ஈமான் கொறஞ்சிட்டு எண்டு சொல்றாங்க.” அவருக்குச் சொன்ன கதையைத்தான் எழுதுகிறேன். நமது பிள்ளைகள் அங்கே நிறையப் பேர்.

ஹேர்பர்ட் கேர்ன் ஓர் அமெரிக்கப் பொறியியலாளர். தன் மனநிலையைப் பல வருடங்களாகக் குறித்து வைத்தவர். பகல் குறுகும்போது மனம் படுத்துவிடும், வசந்தத்தில் எழும்பிவிடும். அந்தக் குறிப்புகளோடு அமெரிக்கத் தேசிய மனநல நிறுவனத்துக்குப் போனார். பைத்தியக்காரக் கணக்கு என்று அங்கே திருப்பி அனுப்பவில்லை. அதுவே பெரிய விடயம்.

இரவில் உடலில் சுரக்கும் மெலடோனினைச் சாதாரண அறை வெளிச்சமான 500 லக்ஸ் தடுக்காது, 2,500 லக்ஸ் தடுக்கும் என்று அல்ஃப்ரட் லூவியின் குழு 1980இல் காட்டியிருந்தது. (நமது உச்சி வெயில் ஒரு லட்சம் லக்ஸை எட்டும்.) ஆகவே கேர்னைக் காலை 6 முதல் 9 வரையும் மாலை 4 முதல் 7 வரையும் 2,000 லக்ஸ் வெளிச்சத்தின் முன் இருத்தினார்கள். நான்கு நாட்களில் தெளியத் தொடங்கினார்.

ஒருவரை வைத்து முடிவு சொல்ல முடியாதுதானே. அதே குழுவின் நோர்மன் ரோசன்தால் 29 பேரை ஆராய்ந்து, 1984இல் இதற்குப் பருவகால மனச்சோர்வு என்று பெயர் வைத்தார். அவர் ஜொஹானஸ்பேர்க்கின் வெயிலில் வளர்ந்து, நியூயோர்க் குளிரில் தானே சுணங்கிப்போனவர்.

தினமும் ஆறு மணித்தியாலம் யாரால் இருக்க முடியும்? பிறகு மைக்கல் டேர்மன் போன்றோர் 10,000 லக்ஸ், அரை மணித்தியாலம் என்று சுருக்கினார்கள். இன்னொரு சிக்கல், வெளிச்சத்துக்குப் போலி மருந்து செய்ய முடியாது. நோயாளிக்குக் கண் தெரியுமே! 1998இல் வெளியான ஆய்வுகளில், வேலை செய்யாத அயன் இயந்திரத்தைச் சிலருக்கு வைத்து ஒப்பிட்டார்கள். காலை வெளிச்சம் பெற்றவர்களே நன்றாகத் தேறினார்கள்.

பெட்டி புற ஊதாக் கதிரை வடிகட்ட வேண்டும். எழும்பியதும் கண்ணைத் திறந்தபடி முன்னால் இருக்க வேண்டும், விளக்கையே உற்றுப் பார்க்கத் தேவையில்லை. கண் நோய் உள்ளவர்களும், மனம் மிதமிஞ்சி எழும்பி அடங்கும் நோய் உள்ளவர்களும் வைத்தியரிடம் கேட்காமல் தொடவே கூடாது.

மாணவர் வைத்தியரைக் கண்டு, பெட்டியும் வாங்கிவிட்டார். சுபஹுக்குப் பிறகு அதன் முன்னால் இருந்துதான் ஓதுகிறாராம்.