தாளம் பிடித்த கை

மேசை மீது கையை விரித்து வைத்து அளவுகோலால் அளந்தேன். கட்டை விரல் நுனியிலிருந்து சுண்டு விரல் நுனி வரை 23 சென்டிமீட்டருக்கு ஒரு நூல் குறைவு. ஒரு சாண். நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கும் காரைக்கால் அம்மையாரின் செப்புத் திருமேனியும் அவ்வளவு உயரம்தான். படத்துக்குக் கீழே அளவைப் போட்டிருக்கிறார்கள். அதுவரை நான் அதைப் படிக்கவில்லை. இரண்டு மாதமாகக் கைப்பேசியில் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்து, கழுத்தெலும்பு தனி, விலா எலும்பு தனி என்று வரைந்து, ஆளுயரச் சிலை என்றே நினைத்திருந்தேன்.

நான் தொழில்முறை ஓவியன் இல்லை. வேலை முடிந்து வந்து, இரவில் ஒன்றரை மணி நேரம் கரிக்கோலும் நீர்வண்ணமுமாக உட்காருகிறவன். வரையும்போது காதில் பாட்டு ஓட வேண்டும். பெரும்பாலும் ஓதுவார்கள் பாடும் திருமுறை. அப்படித்தான் ஒருநாள் திரையில் அம்மையார் உருவமும் காதில் அம்மையார் பாடிய பதிகமும் ஒரே நேரத்தில் வந்து சேர்ந்தன. பாடியவரும் அவர், படிமத்தில் அமர்ந்திருப்பவரும் அவர். ஆனாலும் பாட்டு ஒன்றைச் சொன்னது, செம்பு வேறொன்றைச் சொன்னது. அன்று முதல் இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்து வருகிறேன்.

முதலில் பாட்டு. அம்மையார் 6ஆம் நூற்றாண்டை ஒட்டியவர் என்பது பலரும் ஏற்ற கருத்து. அற்புதத் திருவந்தாதியும் திருவிரட்டை மணிமாலையும் போக, திருவாலங்காட்டைப் பற்றி அவர் பாடியவை இரண்டு பதிகங்கள். தேவாரம் பாடிய மூவருக்கும் முந்தியவை என்பதால் மூத்த திருப்பதிகம் என்று பெயர். ஒன்று நட்டபாடைப் பண், மற்றது இந்தளம். இன்றைய ஓதுவார்கள் முன்னதைக் கம்பீரநாட்டையிலும் பின்னதை மாயாமாளவகௌளையிலும் பாடுவதுண்டு. ஒவ்வொன்றிலும் 11 பாட்டு. பதினோராவதில் பாடியவர் பெயர் வரும். அந்த இடத்தில் அவர் தம்மைக் காரைக்கால் பேய் என்றே சொல்லிக்கொள்கிறார்.

பதிகத்துக்குள் நுழைந்தால் சுடுகாடு. அதை வருணனை என்று சொல்லிவிட்டுப் போக முடியாது; கூட இருந்து பார்த்தவரின் கண் அது. முதல் பாட்டிலேயே ஒரு பெண்பேய் வருகிறது: வற்றிய மார்பு, புடைத்த நரம்பு, குழிந்த வயிறு, சிவந்த மயிர், நீண்ட கோரைப்பல். அடுத்த பாட்டில் ஒரு பேய் கள்ளிக் கிளைகளுக்கு நடுவே காலை நீட்டிக்கொண்டு, ஈமத்தீயிலிருந்து கொள்ளிக்கட்டையை எடுத்து மசித்துக் கண்ணுக்கு மை தீட்டிக்கொள்கிறது. தீ சுட்டதும் முகத்தைச் சுளித்துப் புழுதியை அள்ளிப் போட்டு அணைக்கப் பார்க்கிறது. கரிக்கோல் பிடித்த விரலோடு இதை முதலில் கேட்டபோது என் விரலைத்தான் பார்த்தேன். நான் தாளில் தேய்ப்பதும் எரிந்த கட்டைதானே. பழந்தமிழில் மை தீட்டுவதற்கும் ஓவியம் வரைவதற்கும் ‘எழுதுதல்’ என்ற ஒரே சொல் வழங்கியது.

எனக்கு மிக நெருக்கமான பாட்டு வேறு. அதில் ஒரு தாய்ப்பேய் தன் குழந்தைக்குக் காளி என்று பெயர் வைத்து வளர்க்கிறது, மேலிருக்கும் புழுதியைத் துடைத்துவிடுகிறது, பால் கொடுக்கிறது, பிறகு எங்கோ போய்விடுகிறது. அம்மாவைக் காணாமல் அந்தக் குட்டிப்பேய் அழுது அழுது தூங்கிப்போகிறது. பிணம் எரியும் காட்டில் இப்படி ஒரு வரி! அச்சமும் தாய்மையும் அங்கே பிரிக்க முடியாதபடி கலந்து கிடக்கின்றன. அம்மையாரைப் பற்றிப் பேசுகிறவர்கள் அகோரத்தைச் சொல்கிற அளவுக்கு இந்தக் குழந்தையைச் சொல்வதில்லை என்பது என் வருத்தம்.

இனிச் செம்பு. நியூயார்க்கில் இருப்பது 13ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்தது என்கிறார்கள். கான்சஸ் சிட்டியில் நெல்சன்–அட்கின்ஸ் அருங்காட்சியகத்தில் இன்னொன்று இருக்கிறது. அதுவும் சோழ நாட்டு வார்ப்பு, ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைந்த உயரம். இரண்டிலும் அம்மையார் சம்மணமிட்டு அமர்ந்திருக்கிறார். விலா எண்ணலாம். மார்பு வற்றித் தொங்குகிறது. கைகள் குச்சி. இவ்வளவும் பதிகத்தின் முதல் பாட்டிலிருந்து வந்தவை. சிற்பி அதை மனப்பாடமாக அறிந்திருக்க வேண்டும்.

ஆனால் அவன் விட்டுவிட்டது எவ்வளவு! தீ இல்லை. கள்ளி இல்லை, நரி இல்லை, பிணம் இல்லை. பாட்டில் பேய்கள் துள்ளுகின்றன, சண்டை போடுகின்றன, ஆடுகின்றன. செம்பில் அவர் அசையாமல், முதுகு நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறார். முகத்தில் சிரிப்பின் சாயல். பயமுறுத்துகிற எந்த எண்ணமும் அந்த முகத்தில் இல்லை. பேயின் உடலைப் பாட்டின் தொடக்கத்திலிருந்து எடுத்துக்கொண்ட சிற்பி, முகத்தைப் பாட்டின் கடைசியிலிருந்து எடுத்துக்கொண்டான் என்று நினைக்கிறேன். காரைக்கால் பேய் என்று தம் பெயரைச் சொல்லிப் பாடி முடித்த கணத்தின் முகம் அது.

இசைக்கு வருவோம். முதற்பதிகத்தின் ஒரு பாட்டில் துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்று சுரங்களின் தமிழ்ப் பெயர்கள் வருகின்றன. தொடர்ந்து கருவிகள்: தக்கை, துந்துபி, வீணை, மத்தளம், தமருகம், குடமுழா என்று ஒரு பெரிய மேளமே அந்தச் சுடுகாட்டில் முழங்குகிறது. அந்தப் பட்டியலுக்கு நடுவே, யாரும் கவனிக்காமல் தாண்டிப் போகக்கூடிய இடத்தில், தாளமும் இருக்கிறது. இத்தனையிலிருந்தும் சிற்பி எடுத்து அம்மையார் கையில் கொடுத்தது அந்தத் தாளம் ஒன்றைத்தான். திருஞானசம்பந்தருக்குத் திருக்கோலக்காவில் இறைவன் பொற்றாளம் கொடுத்த கதை உண்டு. சேக்கிழார் சொல்லும் அம்மையார் கதையில் அப்படி ஒரு காட்சி இல்லை. தலையால் நடந்து கயிலைக்குப் போகிறார், சிவன் ‘அம்மையே’ என்று அழைக்கிறார், ஆலங்காட்டில் ஆடலைக் கண்டு பாடும் வரம் பெறுகிறார். அந்தக் கையில் தாளத்தை வைத்தவன் சிற்பி. கங்கைகொண்ட சோழபுரத்துக் கோயிலின் தென்புறக் கோட்டத்தில், ஆடவல்லானின் கீழே சின்ன உருவமாக அவர் உட்கார்ந்திருக்கும் கல்லிலும் தாளம் இருக்கிறது. கடல் கடந்து கம்போடியாவின் பந்தியாய் ஸ்ரீ கோயிலிலும், 967இல் குடமுழுக்குக் கண்ட அந்தச் செங்கல் நிறக் கல்லில், ஆடும் சிவனின் அருகே வற்றிய மார்போடு ஒரு பெண் இருக்கிறார். அவரும் காரைக்கால் அம்மையார்தான் என்று அறிஞர் பலர் சொல்கிறார்கள். அவருடைய கணவன் பரமதத்தன் கப்பலேறிய துறைமுகத்து ஊரான காரைக்கால்தான் எங்கள் ஊர். இங்கிருந்து அம்மையார் பாட்டு அவ்வளவு தூரம் போனதை நினைத்தால் எனக்குப் பெருமையாக இருக்கிறது.

படம் வரைகிறவனுக்கு இந்தத் தாளம் பெரிய பாடம். நானாக இருந்தால் மத்தளத்தை வரைந்திருப்பேன், குடமுழாவை வரைந்திருப்பேன். ஓசையைக் காட்ட வேண்டுமே என்று தாள் முழுக்க நிரப்பியிருப்பேன். சிற்பி இரண்டு சிறு வட்டங்களைக் கையில் கொடுத்து, அவற்றுக்கு நடுவே கொஞ்சம் இடைவெளி விட்டான். அடுத்த தட்டு விழப்போகிறது. ஓசை அந்த இடைவெளியில் இருக்கிறது. ஓதுவாரின் பாட்டைக் கேட்டுக்கொண்டே அந்தக் கையை வரைந்தபோதுதான் இது எனக்குத் தெரிந்தது. வெறுமனே பார்த்து வரைந்த நாட்களில் இரண்டு தாளங்களையும் ஒட்டவைத்தே வரைந்திருக்கிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அம்மையார் எப்போதும் கேட்கிறவராகவும் இருக்கிறார். நாயன்மார் அறுபத்துமூவர் வரிசையில் அவர் ஒருவர்தான் அமர்ந்திருப்பார். எந்தக் கோயிலுக்குப் போனாலும் பார்க்கலாம். மற்றவர்கள் கைகூப்பி நிற்கிறார்கள். இவருக்கு ஆடலின் காலடியில் உட்கார இடம் கிடைத்திருக்கிறது. பாட்டில் இருக்கும் கூச்சல் எல்லாம் அவர் கேட்டது; செம்பில் இருக்கும் அமைதி அதைக் கேட்டவரின் அமைதி. ஆகவே இரண்டில் எது உயர்ந்தது என்று கேட்டால், பாட்டைத்தான் சொல்வேன். செம்பு இல்லாமல் பாட்டு நிற்கும். பாட்டைக் கேட்காமல் செம்பைப் பார்க்கிறவருக்கு அது எலும்பும் தோலுமான ஒரு கிழவி.

திரை செய்கிற நல்லதும் கெட்டதும் இங்கேதான் இருக்கின்றன. மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் 2017 பிப்ரவரியில், பதிப்புரிமைத் தடை இல்லாத 3,75,000 படங்களை யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்டது. காரைக்காலில் உட்கார்ந்திருக்கும் ஒருவன், ஊரைவிட்டுப் போன அம்மையாரை இவ்வளவு அருகில் பார்ப்பது என் தாத்தாவால் நினைத்துப் பார்க்க முடியாத காரியம். நன்றியோடுதான் சொல்கிறேன். ஆனால் திரையில் எதற்கும் அளவு கிடையாது. ஒரு சாண் செம்பும் கங்கைகொண்ட சோழபுரத்து விமானமும் அங்கே ஒரே உயரம். பாட்டுக்கும் அதே கதி. 11 பாட்டுள்ள பதிகத்திலிருந்து அரை நிமிடத்தை வெட்டி, மின்னல் ஓசை சேர்த்து, யாரோ கோரமாக வரைந்த பேய்ப்படத்தோடு அனுப்புகிறார்கள். தூங்கிப்போன குட்டிப்பேய் அந்த அரை நிமிடத்தில் வருவதே இல்லை.

எங்கள் ஊர் பார்க்கும் அம்மையாருக்கு வேறு முகம். பாரதியார் வீதிக் கோயிலில் அவர் புனிதவதி, குடும்பத்துப் பெண். ஆனிப் பௌர்ணமியை ஒட்டிய மாங்கனித் திருவிழாவில் அவருக்குப் பட்டுடுத்தித் திருக்கல்யாணம் நடக்கும். பிச்சாண்டவர் வீதியுலா வரும்போது மாடியிலிருந்தும் கூரையிலிருந்தும் மாம்பழங்களை இறைப்பார்கள். கீழே புடவைத் தலைப்பை விரித்துப் பிடிப்பார்கள். சின்ன வயதில் என் தோளில் ஒரு பழம் விழுந்து வெடித்துச் சட்டையெல்லாம் சாறு. அம்மா அந்தச் சட்டையை இரண்டு நாள் துவைக்கவே இல்லை. ஊருக்கு அவர் மாம்பழம் தந்த அம்மா. ஆலங்காட்டில் என்ன பாடினார் என்பது ஊரில் பலருக்குத் தெரியாது. ஆனாலும் அந்தப் பாடல்களைத் தேடியவர்கள் இருக்கவே செய்தார்கள். 1954 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்த எங்கள் ஊரின் இந்தப் பாட்டுகளை, புதுச்சேரியில் பிரெஞ்சு நிறுவனம் தொடங்கிய அடுத்த ஆண்டே, 1956இல், காரவேலனார் பிரெஞ்சில் பெயர்த்து மூலத்தோடு வெளியிட்டார். பாரிஸில் படித்தார்கள். நாம் படித்தோமா?

நான் வரைந்த படத்தை இப்போது ஒரு சாண் உயரத்துக்கே சுருக்கிவிட்டேன். தாள் பெரியது, சுற்றிலும் வெள்ளை. தீயும் கள்ளியும் வரையவில்லை. கைகளை மட்டும் ஒன்பது முறை அழித்து எழுதினேன். தாளங்களுக்கு நடுவே ஒரு விரற்கடை இடைவெளி இருக்கிறது. முகம் இன்னும் சரியாக வரவில்லை.

வருகிற ஆனிப் பௌர்ணமிக்குக் காரைக்காலுக்கு வாருங்கள். அரசலாறு கடலில் சேரும் ஊர். நாகையிலிருந்தும் மயிலாடுதுறையிலிருந்தும் பேருந்து உண்டு. மாம்பழம் கிடைத்தால் வீட்டுக்குக் கொண்டுபோய் வெட்டிப் பகிர்ந்து சாப்பிடுங்கள். அன்றிரவு மூத்த திருப்பதிகம் இரண்டையும், 22 பாட்டையும், வெட்டாமல் முழுதாகக் கேளுங்கள். அந்தச் செப்புப் படிமத்தின் படத்தை அதற்குப் பிறகு திறந்து பாருங்கள்.