றொச்டேல்: ஒரு நகரின் நினைவும் மறதியும்

கூட்டுறவு இயக்கத்தின் வரலாற்றைப் பாடமாகப் படித்தவர் எவரும் றொச்டேல் என்னும் பெயரை அறிவர். இங்கிலாந்தில், மன்செஸ்ரருக்கு வடக்கே, றொச் ஆற்றங்கரையில் அமைந்த நெசவு நகரம் அது. முதலிற் கம்பளித் துணியும் பின்னர்ப் பருத்தியும் அந்நகருக்கு வாழ்வளித்தன. இன்று அப்பஞ்சாலைகளின் காலம் முடிந்துவிட்டது, எஞ்சியிருப்பது நினைவு. அந்நினைவு எதனைப் பேணியது, எதனைக் கைவிட்டது என்பதை ஆராய்வதே நமது நோக்கம்.

லங்காஷயர் ஆலை நகரங்களின் முதியோர் தம் இளமைக் காலத்தைப் பரிவுடன் நினைவுகூர்வர். விடியுமுன் நீண்ட கழியால் மாடி யன்னலைத் தட்டி ஊரை எழுப்பியவன். கற்கள் பதித்த தெருவில் மரக்காலணிகள் எழுப்பிய ஓசை. தறிகளின் பேரிரைச்சலில் உதட்டசைவால் உரையாடிய பெண்கள். கோடையில் ஆலைகள் யாவும் ஒருசேர மூட, ஊரே புகையிரதமேறிப் பிளக்பூல் கடற்கரைக்குச் சென்ற அந்த ஒரு வாரம். இவை பொய்யல்ல, எள்ளி நகையாடுதற்குரியனவும் அல்ல. உழைத்த மக்கள் தம் வாழ்விற் கண்ட இன்பங்களை மதியாதவர் அவர்தம் வரலாற்றை எழுதத் தகுதியற்றவர்.

ஆயினும், இந்நினைவுகள் ஒவ்வொன்றுக்கும் மறுபக்கம் ஒன்றுண்டு. யன்னலைத் தட்டியவனுக்குத் தொழிலாளர் தம் கூலியிலிருந்து காசு கொடுத்தது, பிந்தினாற் கூலி வெட்டப்படும் என்ற அச்சத்தினாலேயே. உதட்டசைவு மொழி பலருடைய செவிப்புலனை விலையாகக் கொண்டு பிறந்தது. கோடை விடுமுறைக்கோ நெடுங்காலம் ஊதியமில்லை. அவ்வொரு வாரத்துக்காகக் குடும்பங்கள் ஆண்டு முழுவதும் சிறுகச் சிறுகச் சேமித்தன. ஏக்கம் இன்பத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, அதற்குக் கொடுத்த விலையை விட்டுவிடுகின்றது.

றொச்டேலின் பெருமைக்குரிய நினைவு டோட் லேன் என்னும் தெருவின் 31ஆம் இலக்கக் கட்டடத்தில் வாழ்கின்றது. 1844ஆம் ஆண்டு டிசெம்பர் 21ஆந் திகதி, 28 பவுண் முதலுடன், கோதுமை மா, வெண்ணெய், சீனி, ஓட்ஸ் மா முதலிய சில பொருள்களை வைத்து, நெசவாளர் பலரும் பிற தொழிலாளரும் இணைந்து அங்கே ஒரு கடையைத் திறந்தனர். கூலி உயர்வு கோரிய நெசவாளரின் முயற்சி தோல்வியுற்றிருந்த காலம் அது. கடைக்காரரின் கடனிற் சிக்கி, கலப்படப் பொருளை உண்டு வாழ்ந்த மக்கள், வாரந்தோறும் பெனிகளாகச் சேர்த்த பணம் அது. அவர்களுட் சிலர் சாசன இயக்கத்தினர். சிலர் றொபேட் ஓவனின் கொள்கை வழி நின்றவர். தூய பொருள், சரியான நிறை, ஒருவருக்கு ஒரு வாக்கு, கொள்வனவுக்கேற்ப இலாபப் பங்கீடு என்பன அவர்கள் வகுத்த நெறிகள். 1931இல் அக்கட்டடம் அரும்பொருளகமாகத் திறக்கப்பட்டது.

இப்பெருமையும் முரண்பாடற்றதன்று. 1854இல் அக்கூட்டுறவாளரின் முயற்சியால் உற்பத்திச் சங்கமொன்று தோன்றிற்று. அதன் ஆலையில் உழைத்தோருக்கும் இலாபத்திற் பங்கு வழங்கப்பட்டது. ஆனால் இலாபத்தை நாடி வந்த பங்குதாரர் பெருகினர். 1862இல் அவர்கள் தம் வாக்குப் பலத்தால் உழைப்போரின் பங்கை ஒழித்தனர். முதலாளித்துவச் சந்தையின் நடுவே நின்ற ஒரு தீவைச் சந்தையின் அலை அரித்த விதம் இது. கடையின் கதையைச் சொல்வோர் இதனையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

அந்நகரின் மறதிக்கு வேறொரு சான்றும் உண்டு. 1879இல் டேர்ணர் சகோதரர் நிறுவனம் றொச்டேலில் கல்நாரை, அதாவது அஸ்பெஸ்ரஸை, இயந்திர விசையால் நெய்யத் தொடங்கிற்று. பஞ்சை நூற்ற அதே கைத்திறன் இப்பொழுது கல்லின் நாரை நூற்றது. அத்தொழிற்சாலையில் நூற்றவர்களுள் ஒருத்தி நெலி கேர்ஷோ. அவள் மூச்சிழுக்க இயலாது நோயுற்றாள். கல்நாரே காரணமென மருத்துவர் சான்றளித்தார். நட்டஈட்டுச் சட்டத்தின் பட்டியலில் அந்நோய் இல்லையெனக் கூறி நிறுவனம் பொறுப்பை மறுத்தது. 1924இல், தனது முப்பத்து மூன்றாம் வயதில், அவள் இறந்தாள். அவளுடைய நுரையீரலை ஆராய்ந்த மருத்துவர் குக், அவ்வாண்டே பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையில் அதுபற்றி எழுதினார். 1930இல் அரசின் ஆய்வறிக்கை வந்தது. 1931இல் தூசியைக் கட்டுப்படுத்தும் விதிகள் பிறந்தன. பிரித்தானியாவில் கல்நார் முற்றாகத் தடைசெய்யப்பட்டதோ 1999இலேயே.

றொச்டேலின் ஆலை முதலாளியான ஜோன் பிறைற் அமெரிக்க அடிமை முறையை எதிர்த்தவர். ஆலைகளிற் பெண்களினதும் இளையோரினதும் வேலை நேரத்தைப் பத்து மணியாகக் குறைத்த 1847ஆம் ஆண்டுச் சட்டத்தையும் எதிர்த்தவர். அவருக்கு அந்நகரிற் சிலையுண்டு. நெலி கேர்ஷோவோ பெயர் பொறிக்கப்படாத குழியிற் கிடந்தாள். 2006இலேதான் றொச்டேல் மயானத்தில் அவளுக்கு நினைவுக்கல் வைக்கப்பட்டது. சிலைக்கும் அக்குழிக்கும் இடையிலுள்ள தூரமே ஊர் வரலாறு எழுதுவோர் அளக்கவேண்டிய தூரம்.

அங்கே தோற்ற நெசவாளர் வகுத்த நெறிகளை நமது கூட்டுறவுச் சங்கங்கள் நெடுங்காலமாக ஏற்று வந்துள்ளன. கல்நார்த் தகடு வேய்ந்த கூரைகளும் நமது ஊர்களில் எங்கும் உள்ளன. றொச்டேலின் வரலாறு இவ்விரண்டையும் நமக்கு நினைவூட்டுகின்றது. ஆசிரியர் தம் மாணவருக்கு டோட் லேன் கடையைப் பற்றிக் கற்பிக்கும்போது, அந்நூற்புக்காரியின் பெயரையும் கூறுவாராக. பின்னர், தத்தம் ஊரின் ஆலையிலும் தோட்டத்திலும் உழைத்து, கல்லிற் பெயரின்றி மறைந்தோர் யாவரென வினவுமாறு அம்மாணவரைத் தூண்டுவாராக.