குடி அரசு இதழின் சமதர்மத் தலையங்கங்கள்

குடி அரசு இதழின் சமதர்மத் தலையங்கங்கள் என்பவை, ஈ. வெ. இராமசாமி (பெரியார்) ஈரோட்டிலிருந்து நடத்திய குடி அரசு வார இதழிலும், அதற்கு மாற்றாக வெளிவந்த இதழ்களிலும் 1931 முதல் 1935 வரையான காலப்பகுதியில் எழுதப்பட்ட ஆசிரியவுரைகளைக் குறிக்கும். இவை தொடக்கத்தில் சமதர்மக் கொள்கையை வெளிப்படையாகப் பரப்பின. அரசின் அடக்குமுறைக்குப் பின்னர் அப்பரப்புரையிலிருந்து படிப்படியாக விலகின. ஓர் அரசியல் இயக்கம் தன் மொழியை எவ்வாறு மாற்றிக்கொள்கின்றது என்பதற்குத் தமிழ் இதழியல் வரலாற்றில் இவை முக்கியமான எடுத்துக்காட்டாகும்.

பின்னணி

குடி அரசு இதழ் 1925 மே 2 அன்று தொடங்கப்பட்டது. தொடக்க ஆண்டுகளில் சாதி வேறுபாடு, மூடநம்பிக்கை, பெண்ணடிமை ஆகியவற்றைக் கண்டிப்பதே இதன் முதன்மை நோக்கமாக இருந்தது. 1930களின் தொடக்கத்தில் பொருளியல் சமத்துவமும் இதழின் பேசுபொருளாயிற்று.

1931 மார்ச் 23 அன்று பகத்சிங் தூக்கிலிடப்பட்டதைத் தொடர்ந்து, மார்ச் 29 இதழில் அவரைப் பற்றிய தலையங்கம் வெளியானது. தீண்டாமையை ஒழிக்க மேல்சாதி, கீழ்சாதி என்னும் முறை ஒழியவேண்டும் என்பது போலவே, வறுமையை ஒழிக்க முதலாளி, கூலி என்னும் முறை ஒழியவேண்டும் என்று அத்தலையங்கம் வாதிட்டது. வாசகர்கள் ஏற்கெனவே அறிந்திருந்த சாதி எதிர்ப்பு வாதத்திலிருந்து அவர்களுக்குப் புதிதான வர்க்க வாதத்திற்குச் செல்லும் இம்முறை, பின்வந்த எழுத்துக்களுக்கும் அடிப்படையாக அமைந்தது. அதே ஆண்டு அக்டோபரில் மார்க்சு, எங்கெல்சு ஆகியோரின் பொதுவுடைமைக் கட்சி அறிக்கையின் தமிழாக்கம் இதழில் தொடராக வெளிவரத் தொடங்கியது.

சோவியத் பயணமும் ஈரோட்டுத் திட்டமும்

பெரியார் 1931 டிசம்பரில் ஐரோப்பியப் பயணம் புறப்பட்டார். 1932இல் சோவியத் ஒன்றியத்தில் சில மாதங்கள் தங்கிய அவர், அவ்வாண்டு நவம்பரில் நாடு திரும்பினார். இயக்கத்தினர் ஒருவரையொருவர் 'தோழர்' என்றே அழைக்கவேண்டும் என்ற அவரது வேண்டுகோள் 1932 நவம்பர் 13 இதழில் வெளியானது. ஸ்ரீமான், திருவாளர் முதலிய அடைமொழிகளுக்கு மாற்றாக இச்சொல் முன்வைக்கப்பட்டது.

1932 டிசம்பர் 28, 29 ஆகிய நாட்களில் ஈரோட்டில் கூடிய கூட்டத்தில், ம. சிங்காரவேலர் வகுத்தளித்த சமதர்மத் திட்டம் ஆராயப்பட்டது. நிலம், காடுகள், இரயில்வே, வங்கிகள் முதலியவற்றைப் பொதுவுடைமையாக்குதல், உழவர் மற்றும் தொழிலாளர் கடன்களை நீக்குதல் ஆகியவை இத்திட்டத்தில் இடம்பெற்றன. சுதேச சமஸ்தானங்களை உழைப்பாளரின் நேரடி ஆட்சிக்குள் கொண்டுவருதலும் இதன் நோக்கங்களுள் ஒன்றாகும். 1948 வரை தனிச் சமஸ்தானமாக விளங்கிய புதுக்கோட்டை போன்ற பகுதிகளும் இக்கோரிக்கையின் எல்லைக்குள் அடங்கின.

1933 தலையங்கமும் வழக்கும்

1933 அக்டோபர் 29 அன்று, 'இன்றைய ஆட்சி முறை ஏன் ஒழிய வேண்டும்?' என்னும் தலையங்கம் வெளியானது. ஆட்சி முறை செல்வர்களுக்குத் துணைநின்று ஏழைகளை வஞ்சிக்கின்றது என்பது இதன் மையக் கருத்து. ஆட்சி ஒழிய வேண்டுமா என்று கேட்காமல், ஏன் ஒழிய வேண்டும் என்று கேட்டதன் மூலம், ஒழியவேண்டும் என்பதைத் தலைப்பு முடிந்த முடிபாகவே கொண்டிருந்தது.

இத்தலையங்கத்திற்காக ஆசிரியரான பெரியார் மீதும், வெளியீட்டாளரான அவரது தங்கை கண்ணம்மாள் மீதும் அரச நிந்தனை வழக்குத் தொடரப்பட்டது. பெரியார் எதிர்வழக்காடவில்லை. சமதர்மப் பரப்புரையே தம் நோக்கம் என்றும், வன்முறையைத் தாம் தூண்டவில்லை என்றும் எழுத்துமூலம் தெரிவித்தார். 1934 சனவரியில் இருவருக்கும் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது.

அச்சகங்களிடமிருந்து பிணைத்தொகை கோர 1931ஆம் ஆண்டின் பத்திரிகைச் சட்டம் அரசுக்கு அதிகாரம் அளித்திருந்தது. இத்தகைய நெருக்கடிகளுக்கிடையே குடி அரசு நின்று, 1933 நவம்பரில் 'புரட்சி' என்ற வார இதழும், 1934இல் 'பகுத்தறிவு' இதழும் வெளிவந்தன. குடி அரசு 1935 சனவரியில் மீண்டும் தொடங்கியது.

பரப்புரையிலிருந்து விலகல்

1934 சூலையில் இந்தியப் பொதுவுடைமைக் கட்சி சட்டவிரோதமானது என அறிவிக்கப்பட்டது. இத்தடை 1942 வரை நீடித்தது. 1935இல் பகத்சிங்கின் 'நான் ஏன் நாத்திகன்?' என்னும் நூலைத் தமிழாக்கிய ப. ஜீவானந்தமும், வெளியிட்ட ஈ. வெ. கிருஷ்ணசாமியும் கைது செய்யப்பட்டனர். பெரியாரின் அறிவுரைப்படி அவர்கள் மன்னிப்புத் தெரிவித்து விடுதலையாயினர். 1935 மார்ச்சில் பொதுவுடைமைப் பரப்புரையை நிறுத்திவைப்பதாகப் பெரியார் அறிவித்தார்.

இக்காலத்திய எழுத்துக்களிலும் 'சமதர்மம்' என்ற சொல் கைவிடப்படவில்லை. எனினும் அதன் அழுத்தம் இடம் மாறியது. ஆட்சி முறையை அடியோடு மாற்றுதல் என்பதன் இடத்தில், இயக்கத்தைக் காத்தல், சமூகச் சீர்திருத்தம், சட்டத்திற்கு உட்பட்ட கோரிக்கைகள் ஆகியவை முன்னிடம் பெற்றன. பெரியார் முன்வைத்த வேலைத்திட்டத்தை நீதிக்கட்சி ஏற்றுக்கொண்டதால், இதழ் அக்கட்சியை ஆதரித்தது.

கருத்து வேறுபாடுகள்

இம்மாற்றத்தைச் சிங்காரவேலரும் ஜீவானந்தமும் ஏற்கவில்லை. பொப்பிலி அரசர் போன்ற பெருநிலக்கிழார்கள் தலைமை வகித்த நீதிக்கட்சியுடன் உடன்பாடு கொள்வது சமதர்மத்திற்கு முரணானது என்பது அவர்கள் கருத்து. இயக்கம் தடைசெய்யப்பட்டால் சாதி ஒழிப்புப் பணியும் நின்றுவிடும் என்பது பெரியார் தரப்பின் விளக்கம். ஜீவானந்தம் பின்னர் இயக்கத்திலிருந்து விலகினார். 1937இல் அவர் ஜனசக்தி இதழைத் தொடங்கினார்.

இது கொள்கையைக் கைவிட்டதா, தற்காலிகப் பின்வாங்கலா என்பது குறித்து ஆய்வாளர்களிடையே இன்றும் விவாதம் உள்ளது. எஸ். வி. ராஜதுரை, வ. கீதா ஆகியோர் எழுதிய 'பெரியார்: சுயமரியாதை சமதர்மம்' என்னும் நூல் இக்காலகட்டத்தை விரிவாக ஆராய்கின்றது. இத்தலையங்கங்களைப் படிப்போர், எழுதப்பட்ட சொற்களோடு அந்நாளில் சட்டம் எழுதவிடாமல் தடுத்தவற்றையும் கருத்திற்கொள்வது இன்றியமையாதது.

இவற்றையும் பார்க்க

சுயமரியாதை இயக்கம்
ம. சிங்காரவேலர்
ப. ஜீவானந்தம்
விடுதலை (இதழ்)