பாட்டன் குன்றின் காற்றுச் சுழலி

1941ஆம் ஆண்டு ஒக்ரோபர் 19ஆம் நாள், ஐக்கிய அமெரிக்காவின் வேர்மொன்ற் மாநிலத்துக் குன்றொன்றின் உச்சியில் நின்ற இயந்திரம், காற்றிலிருந்து பெற்ற மின்னைப் பொது மின்வலையிற் கலந்தது. அக்குன்றை அவ்வூரார் பாட்டன் குன்று என்னும் பொருள்பட அழைத்தனர். 1,250 கிலோவாற்று வலுவுடைய அவ்வியந்திரத்துக்கு நிகரானதொன்றை உலகம் அதுவரை கண்டதில்லை. 1970களின் பிற்பகுதிவரை அதனை விஞ்சியதும் எழவில்லை.

அதன் மூலவர் பாமர் பற்னம் என்னும் பொறியியலாளர். கேப் கொட் கரையிலே வீடு கட்டிய அவருக்குக் காற்றும் மிகுதியாகக் கிடைத்தது; மின்கட்டணமும் மிகுதியாக வந்தது. அவரது எண்ணத்துக்குப் பணமிட முன்வந்தது, நீர்ச்சுழலி செய்து வந்த எஸ். மோர்கன் ஸ்மித் நிறுவனம். காற்றியக்கவியல் அறிஞர் கார்மனும் ஆலோசனை வழங்கினார். 120 அடிக் கோபுரத்தின்மேல், 175 அடி விட்டத்திற் சுழலும் இரு கறையில் உருக்கு இறக்கைகள் பொருத்தப்பட்டன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 8 தொன் நிறையுடையது.

உருக்கு களைப்படையும் என்பது அக்காலத்துக்குப் புதிய செய்தியன்று. புகையிரத அச்சுகள் தாம் தாங்கவல்ல சுமையிலும் குறைந்த சுமையால் முறிவதேன் என்பதை, பிரசிய நாட்டு வூலர் 19ஆம் நூற்றாண்டிலேயே ஆராய்ந்திருந்தார். தகைப்பின் அளவு மட்டுமன்றி, அது மாறிமாறி வரும் தடவைகளின் எண்ணிக்கையும் உலோகத்தின் ஆயுளைத் தீர்மானிக்கும் என அவர் கண்டார். நுண்ணிய பிளவொன்று தோன்றி, ஒவ்வொரு தடவையும் சிறிது வளர்ந்து, எஞ்சிய உலோகம் போதாதபோது திடீரென அறும்.

பற்னத்தின் இறக்கைகளோ கோபுரத்தின் பின்புறமாகச் சுழன்றன. கோபுரத்தின் காற்று மறைவினுள் ஒவ்வோர் இறக்கையும் புகுந்து வெளிவருந்தோறும் அழுத்தம் தளர்ந்து மீண்டது. தன்னிறையும் ஒவ்வொரு சுற்றிலும் அதனை ஒருமுறை இப்பக்கமும் ஒருமுறை அப்பக்கமும் வளைத்தது. காற்று மென்மையாக வீசிய நாளிலும் இக்கணக்கு ஓயவில்லை.

1943ஆம் ஆண்டு பெப்ரவரியில் பிரதான அச்சின் தாங்கியொன்று பழுதுற்றது. யுத்த காலமாதலின் மாற்றுத் தாங்கி வந்துசேர இரு ஆண்டுகள் கழிந்தன. இறக்கையின் அடிப்பகுதி நலிவானது என்பதும் அறியப்பட்டே இருந்தது. எனினும் மூலப்பொருட் தட்டுப்பாட்டால் அது உரியவாறு வலுப்படுத்தப்படவில்லை. 1945 மார்ச் 26ஆம் நாள் விடியுமுன், அவ்விடத்திலேயே ஓர் இறக்கை அறுந்து ஏறத்தாழ 750 அடி தொலைவிற் போய் வீழ்ந்தது. மேலே நின்ற பணியாளர் அதிர்ச்சியில் வீழ்ந்தெழுந்து இயந்திரத்தை நிறுத்தினார். மீண்டும் கட்டுதற்கான செலவைக் கணக்கிட்ட நிறுவனம் முயற்சியைக் கைவிட்டது. பற்னம் தம் அநுபவத்தை 1948இல் நூலாக வெளியிட்டார்.

அவ்வியந்திரம் உழைத்தது ஏறத்தாழ 1,100 மணி நேரமே. நிமிடத்துக்கு 28.7 சுற்று வீதம் கணித்தால், இறக்கை கண்ட சுற்றுகள் 19 இலட்சமளவில் நிற்கும். இன்றைய கடற் சுழலியொன்று நிமிடத்துக்குப் 10 சுற்று வீதம் 25 ஆண்டுகள் ஓயாது சுழலுமாயின், 13 கோடிச் சுற்றுகளைக் கடக்க வேண்டும். அதன் கோபுரத்தை அலைகளும் ஓயாது அசைக்கின்றன. ஆதலின் கோபுரத்தின் இயல்பு மீடிறன், சுழற்சியின் மீடிறனோடும் மூன்று இறக்கைகள் கோபுரத்தைக் கடக்கும் மீடிறனோடும் பொருந்தாதவாறு, பெரும்பாலும் அவ்விரண்டுக்கும் இடையில் அமைக்கப்படுகின்றது. இறக்கை பூட்டுமுன் வெறுங்கோபுரமாக நிற்கும் வேளையிலும் ஆபத்துண்டு. இருபுறமும் மாறிமாறிக் கழலும் காற்றுச் சுழிகள் அதனைப் பக்கவாட்டில் ஆட்டும். அச்சுழிகளின் ஒழுங்கை 1911-12இல் விளக்கியவரும் அதே கார்மனே.

உலகின் முதலாவது கடற் காற்றுப் பண்ணை 1991இல் டென்மார்க்கின் விண்டபியில் எழுந்தது. அதன் 11 சுழலிகளும் தலா 450 கிலோவாற்று வலுவினவே. பற்னத்தினதின் பாதிக்கும் குறைவு. 2017இல் கழற்றப்பட்டபோது அவை கால் நூற்றாண்டு உழைத்திருந்தன.