நெய்வேலி நகரியம்: வந்தவர்கள் அண்டை வீட்டாரான வரலாறு

கடலூர் மாவட்டத்தில், சென்னையிலிருந்து ஏறத்தாழ 200 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது நெய்வேலி. பள்ளிப் பாடநூல்களில் பழுப்பு நிலக்கரி, அனல்மின் நிலையம் என்ற இரண்டு சொற்களோடு இவ்வூர் முடிந்துவிடுகிறது. தேர்வில் ஒரு மதிப்பெண் வினாவுக்கு அது போதும். ஆனால் முன்பின் அறியாத பல்லாயிரம் பேர் ஏறத்தாழ ஒரே காலத்தில் வந்து குடியேறிய ஊர் என்ற முறையிலும் நெய்வேலிக்கு ஒரு வரலாறு உண்டு. இக்கட்டுரை அதைப் பற்றியது.

தொடக்கம்

1930-களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் ஆழ்துளைக் கிணறு தோண்டியபோது தண்ணீரோடு கரிய பொருளும் வெளிவந்தது. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை 1940-களில் துளையிட்டு ஆராய்ந்து, அடியில் பழுப்பு நிலக்கரிப் படுகை இருப்பதை உறுதி செய்தது. காமராசர் முதலமைச்சராக இருந்த காலத்தில், 1956 நவம்பரில் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் பதிவு செய்யப்பட்டது. 1957 மே மாதத்தில் பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். மேல்மண்ணை அகற்றி நிலக்கரியைக் கண்ணால் காண 1961 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

நிலக்கரிப் படுகைக்குக் கீழே நிலத்தடி நீர் பெரும் அழுத்தத்தோடு நிற்கிறது. அதை இரவும் பகலும் இறைத்துக்கொண்டே இருந்தால்தான் சுரங்கத்தின் அடித்தளம் உடையாமல் இருக்கும். எனவே நெய்வேலியில் வேலை என்றைக்கும் நிற்பதில்லை. மூன்று ஷிப்ட், தீபாவளிக்கும் பொங்கலுக்கும் ஷிப்ட் உண்டு. இந்தச் செய்தியை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். நெய்வேலியில் நட்பு வளர்ந்த விதத்துக்கும் இதற்கும் தொடர்பு இருக்கிறது.

ஜெர்மன் இயந்திரம், ரஷ்யக் கொதிகலன்

திட்ட அறிக்கையைப் பவல் டஃப்ரின் என்ற பிரித்தானிய நிறுவனம் தயாரித்தது. மண்ணையும் கரியையும் வெட்டும் பிரம்மாண்டமான வாளிச் சக்கர இயந்திரங்கள் மேற்கு ஜெர்மனியிலிருந்து வந்தன. முதல் அனல்மின் நிலையம் சோவியத் உதவியில் எழுந்தது; அதற்கான கடன் 1957-இல் கையெழுத்தான இந்திய-சோவியத் ஒப்பந்தத்தில் அடங்கியிருந்தது. அந்நிலையத்தின் முதல் அலகு 1962-இல் மின்சாரம் தந்தது. 1970-இல் முழுத்திறனான 600 மெகாவாட் எட்டப்பட்டது.

உலக வரைபடத்தை எடுத்து வைத்துக்கொண்டு இதைப் பாருங்கள். 1961-இல் பெர்லினில் சுவர் எழுகிறது. அதே ஆண்டுகளில், அன்றைய தென்னார்க்காடு மாவட்டத்தின் செம்மண் காட்டில், மேற்கு ஜெர்மனி செய்த இயந்திரம் வெட்டும் கரியை எரிக்க ரஷ்யக் கொதிகலன் கட்டப்படுகிறது. இரு நாடுகளின் வல்லுநர்களும் ஒரே வெயிலில் வியர்த்தார்கள்.

அந்த வல்லுநர்களின் நட்பு எத்தகையது? வேலையிடத்தில் அது உறுதியாகவே இருந்திருக்க வேண்டும். கொதிகலனையும் சுழலியையும் கூட்டாகப் பொருத்தியவர்களுக்குப் பொதுமொழி குறைவாகவே தேவைப்படும். வேலைக்கு வெளியே நிலைமை வேறு. சோவியத் வல்லுநர்கள் ஒப்பந்தக் காலத்துக்கு வந்தவர்கள். பேச்சு மொழிபெயர்ப்பாளர் வழியாக நடந்தது. பிலாய் இரும்பாலை நகரத்திலும் இதுவே நிலை. திரும்பிப் போகும் தேதி தெரிந்தவர்கள் ஓர் ஊரில் வேர்விடுவது கடினம்.

எதிர்த்திசையில் போனவர்களும் உண்டு. பூ. சோமசுந்தரம், ரா. கிருஷ்ணய்யா போன்ற தமிழர்கள் மாஸ்கோவில் தங்கி ரஷ்ய இலக்கியங்களைத் தமிழாக்கினார்கள். என் தலைமுறை ஆசிரியர்கள் பலர் மலிவு விலையில் வாங்கிப் படித்த அந்தப் புத்தகங்கள், பனி கொட்டும் அயல்நாட்டில் அமர்ந்து தமிழில் எழுதியவர்களின் உழைப்பு. அவர்களுடைய தனிமையைப் பற்றி அன்று நாங்கள் யாரும் யோசித்ததில்லை.

வட்டமும் ஷிப்டும்

நகரியம் வட்டங்களாகப் பிரித்துக் கட்டப்பட்டது. 'பிளாக்' என்பதைத்தான் இங்கே வட்டம் என்பார்கள். ஒவ்வொரு குடியிருப்பும் எண்ணால் அறியப்படுகிறது: வட்ட எண், தெரு, வீட்டு எண். குவார்ட்டர்ஸ் ஒதுக்கீடு பதவி நிலையையும் பணி மூப்பையும் பார்த்து நடந்தது. சாதித் தெருக்களிலிருந்து வந்தவர்களுக்கு இது சிறிய மாற்றமன்று. பக்கத்து வீட்டில் யார் வருவார் என்பதை அவர்களால் தீர்மானிக்க முடியவில்லை. ஒதுக்கீட்டு ஆணை தீர்மானித்தது. சாதி மறைந்துவிட்டது என்று நான் சொல்லவில்லை. திருமணப் பேச்சு வந்தால் அது உடனே எழுந்து உட்கார்ந்துகொள்ளும். ஆனால் தண்ணீர்க் குழாயடியிலும் ரேஷன் வரிசையிலும் அதன் அதிகாரம் குறைந்தது. மாறாக, பதவி நிலை என்ற வேறொரு வேலி வந்தது. பெரிய அதிகாரிகளின் வீடும் தொழிலாளர்களின் வீடும் அளவில் மட்டுமல்லாமல் இடத்திலும் விலகி நின்றன.

இங்கேதான் ஷிப்ட் உதவிக்கு வந்தது. கணவர் இரவு ஷிப்டுக்குப் போனால் புதிதாக வந்த மனைவிக்குத் துணை பக்கத்து வீட்டு அக்காதான். குழந்தைக்கு நள்ளிரவில் காய்ச்சல் வந்தால் தட்டுவதற்கு அந்தக் கதவுதான். மாமியாரும் நாத்தனாரும் செய்ய வேண்டியதை அண்டை வீட்டார் செய்தார்கள். "ஷிப்ட் என்னம்மா?" என்பது நெய்வேலிப் பெண்களிடையே நலம் விசாரிப்பு. பகலில் தூங்குபவர் எந்த வீட்டில் இருக்கிறார் என்று தெருப்பிள்ளைகளுக்குத் தெரியும். அந்த வீட்டு வாசலில் பந்து விளையாட மாட்டார்கள்.

பலாப்பழத்தையும் சொல்லாமல் விட முடியாது. பண்ருட்டி அருகில் இருப்பதால் கோடையில் பலா மலிவாகக் கிடைக்கும். ஒரு குடும்பம் தனியாகத் தின்று தீர்க்க முடியாத பழம் அது. அரிந்தால் நான்கு வீட்டுக்காவது கிண்ணம் போயாக வேண்டும். கிண்ணம் வெறுமையாகத் திரும்பக் கூடாது என்பது வழக்கம். ஆந்திரத்து ஊறுகாயும் கேரளத்துப் புட்டும் இப்படித்தான் பல தமிழ் வீடுகளுக்குள் நுழைந்தன.

நான் ஆசிரியராக இருந்தபோது ஒரு படிவத்தில் மாணவர்களின் சொந்த ஊரை நிரப்ப வேண்டியிருந்தது. ஒரு சிறுவன் தன் வட்ட எண்ணை எழுதிக் கொடுத்தான். அப்பாவின் ஊரை எழுது என்று திருப்பிக் கொடுத்தேன். "அங்க எனக்கு யாரையும் தெரியாது, சார்" என்றான். அன்று அவனைத் திருத்தியது சரிதானா என்று இன்றும் எனக்குச் சந்தேகம் உண்டு.

ஏற்கெனவே இருந்தவர்கள்

நகரியமும் சுரங்கமும் வெற்று நிலத்தில் எழவில்லை. அங்கே கிராமங்கள் இருந்தன. விளைநிலமும் முந்திரித் தோப்புகளும் இருந்தன. ஜம்புலிங்க முதலியாரின் சிலை நெய்வேலியில் இருக்கிறது. நிலத்தை இழந்த சிறு உழவர்களுக்குச் சிலை கிடையாது. வந்தவர்களுக்கு வீடும் பள்ளியும் மருத்துவமனையும் அமைந்தன. இருந்தவர்கள் பெயர்ந்து நகரியத்தின் ஓரத்துக்குப் போனார்கள். சிலருக்கு வேலை கிடைத்தது. பலர் ஒப்பந்தத் தொழிலாளர்களாகவே ஆண்டுகளைக் கழித்தார்கள். பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் நடத்திய போராட்டங்கள் நெய்வேலி வரலாற்றின் நீண்ட அத்தியாயம். தங்கள் மண்ணிலேயே அவர்கள் புதியவர்கள் ஆனார்கள். வந்தவர்களின் இனிய நினைவுகளை எழுதும்போது இதை விட்டுவிடுவது நேர்மையாகாது. நகரியத்தில் வாழ்ந்த எங்களில் பெரும்பாலோர் அவர்களை வேலையாட்களாகவும் காய்கறி விற்பவர்களாகவும் மட்டுமே அறிந்திருந்தோம்.

இரு தரப்பும் ஓரிடத்தில் கூடும் நாள் ஒன்று உண்டு: பங்குனி உத்திரம். வேலுடையான்பட்டு முருகன் கோயிலுக்கு அன்று சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து காவடிகள் வரும். நகரியத்துக் குடும்பங்கள் வழியெங்கும் நீர்மோர் கொடுக்கும்.

2023 ஜூலையில் வளையமாதேவியில் பயிர் நின்ற வயலுக்குள் மண்வெட்டும் இயந்திரங்கள் இறங்கியபோது, அந்தப் பழைய கணக்கு இன்னும் தீரவில்லை என்பது தமிழ்நாடு முழுவதற்கும் தெரிந்தது.

காலி செய்யும் நாள்

குவார்ட்டர்ஸ் யாருக்கும் சொந்தமில்லை. பணி ஓய்வு பெற்றவர் சாவியை ஒப்படைத்துவிட்டுப் போக வேண்டும். முப்பது ஆண்டுகள் வாழ்ந்த வீட்டில், வைத்த மாமரம் காய்க்கும் பருவத்தில், வேறொருவர் குடிவருவார். சிலர் அப்பா பிறந்த ஊருக்குப் போய்ப் பார்த்துவிட்டு, அங்கே பேச ஆளில்லாமல் திரும்பினார்கள். பலர் தொலைவில் போகாமல் இந்திரா நகரிலும் வடலூரிலும் மனை வாங்கிக் கொண்டார்கள். வள்ளலார் 1867-இல் யாரென்று கேளாமல் சோறிடத் தருமச்சாலை தொடங்கிய ஊர் வடலூர்.

சோவியத் உதவியில் கட்டிய முதல் அனல்மின் நிலையம் 2020-இல் ஓய்வு பெற்றது. வடலூரில் இன்று மாலை நேரத்தில் நடைபயிலும் முதியவர்களைக் கவனித்தால், ஒருவரையொருவர் பழைய வட்ட எண்ணைச் சொல்லி அறிமுகம் செய்துகொள்வதைக் கேட்கலாம்.