தடம் மாறிய குருதியும் தடுமாறிய சொல்லும்

லாபிஸ் ரயில் நிலையத்தை அறிந்தோர்க்குச் ‘சண்டிங்’ என்னும் சொல் புதிதன்று. பெட்டிகளை ஒரு தண்டவாளத்திலிருந்து மற்றொன்றுக்கு மாற்றுவதை ரயில்வேயில் உழைத்த நம் முன்னோர் அவ்வாறே வழங்கினர். அறுவை மருத்துவமும் அச்சொல்லை எடுத்தாண்டது. குருதியை இயல்பான வழியினின்று வேறு வழிக்குத் திருப்பும் சிகிச்சையே ‘ஷண்ட்’. தமிழில் அதைத் தடமாற்றம் எனலாம். மருத்துவன் அல்லாத மொழியியலாளன் இதைப் பேசக் காரணம் உண்டு. கல்லீரல் நோயாளிக்குச் செய்யப்படும் தடமாற்றத்தின் பெரும் பின்விளைவு, தூக்கத்திலும் பேச்சிலும் எழுத்திலுமே முதலில் தலைகாட்டுகிறது.

குடலிலிருந்தும் மண்ணீரலிலிருந்தும் குருதியைக் கல்லீரலுக்குக் கொண்டுசெல்வது போர்ட்டல் சிரை. ‘போர்ட்டா’ என்னும் இலத்தீன் சொல்லுக்கு வாயில் என்பது பொருள். இலங்கைப் பாடநூல்கள் அதனை ‘ஈரல்வாயி நாளம்’ என்று வழங்கும். யாழ்ப்பாணத்து மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிரீன், ‘மனுஷ அங்காதிபாதம்’ என்னும் உடற்கூற்று நூலை 1872இல் வெளியிட்டார். உடலின் உள்ளுறுப்புகளை விளக்கும் வலிமை அன்றே தமிழுக்கு இருந்தது.

மதுவாலோ ஹெப்பாடைட்டிஸ் கிருமிகளாலோ கல்லீரல் தழும்பேறி இறுகினால், வாயிலில் குருதி தேங்கி அழுத்தம் உயர்கிறது. வயிற்றில் நீர் கோத்து மகோதரம் உண்டாகலாம். உணவுக்குழாயின் சிரைகள் புடைத்து வெடித்தால் இரத்தவாந்தி எடுக்கும்.

இதற்கு வழி தேடியோருள் முன்னோடி நிக்கோலாய் எக். 1877இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் எட்டு நாய்களுக்கு அவர் போர்ட்டல் சிரையைக் கீழ்ப்பெருஞ்சிரையோடு இணைத்தார். நெடுநாள் பிழைத்தது ஒன்றே; அதுவும் ஓடிப்போயிற்று. ஆயினும் இம்முறை மனிதர்க்கும் உதவும் என அவர் நம்பினார். 1893இல் பாவ்லோவும் அவர்தம் குழுவினரும் அதே அறுவையைச் செய்து, பிழைத்த நாய்களைக் கூர்ந்து கவனித்தனர். இறைச்சி உண்டபின் அவை முரட்டுத்தனம் கொண்டன, தள்ளாடின, பார்வை இழந்தன, வலிப்புற்று மயங்கின. கல்லீரல் வடிகட்ட வேண்டிய நச்சுகள் அதனைத் தொடாமலே மூளையை அடைந்திருந்தன.

1945இல் நியூயார்க்கில் விப்பிள், பிளேக்மோர் ஆகியோர் தடமாற்ற அறுவையை மனிதர்க்குரிய சிகிச்சையாக நிலைநிறுத்தினர். குருதிப்போக்கு நின்றது, ஆனால் பலர் குழப்பமுற்றனர். 1954இல் ஷீலா ஷெர்லாக் குழுவினர் லண்டனில் இந்நிலையை விரிவாக வரைந்து காட்டினர். குருதிப்போக்கு நேருமுன் காப்பாக அறுவை செய்யப்பட்டோரும் மற்றவரினும் நெடிது வாழவில்லை என்பதைப் பின்வந்த ஆய்வுகள் காட்டின. 1967இல் டீன் வாரன், கல்லீரலுக்குச் செல்லும் குருதியை முற்றும் திருப்பாத வேறொரு முறையை முன்வைத்தார். இந்தியாவில் சிறார் பலர்க்குக் கல்லீரல் நன்றாயிருக்க, போர்ட்டல் சிரை மட்டும் அடைபட்டிருக்கும். அவர்களிடம் தடமாற்றம் நல்ல பயன் தருகிறது. வெளிப்படையான குழப்பம் குறைவு. வடிகட்டும் உறுப்பின் நலிவே தீங்கை மிகுவிக்கிறது என்பது இதனால் தெளிவாகும்.

1988இல் ஜெர்மனியின் ஃப்ரைபர்க் நகரில், வயிற்றைத் திறவாமல் கழுத்துச் சிரை வழியே சென்று கல்லீரலுக்குள் வலைக்குழாய் பொருத்தும் முறை மனிதர்க்கு முதன்முதலாகச் செய்யப்பட்டது. இன்று பெரிதும் வழங்குவது இதுவே. தொடக்ககாலக் குழாய்கள் அடிக்கடி அடைபட்டன. உறையிட்ட குழாய்கள் அக்குறையைத் தணித்தன. எனினும் ஏறத்தாழ மூவருள் ஒருவர்க்கு மனக்குழப்பம் நேரக்கூடும். லாக்டுலோஸ் போன்ற மருந்துகளால் அதனை மீட்கலாம். பாவ்லோவின் நாய்களை எண்ணிப் புரத உணவை நெடுங்காலம் தடுத்தனர். அது நோயாளியை மேலும் மெலிவிக்கும் என்பதால் இன்று அவ்வாறு அறிவுறுத்துவதில்லை.

இக்குழப்பத்தின் தொடக்கம் நுண்ணியது. இரவில் விழிப்பு, பகலில் உறக்கம், கையெழுத்துக் கோணல், சொல் கிடைக்காத தயக்கம், நாக்குழறல். ஒரு நிமிடத்தில் இயன்ற அளவு விலங்குப் பெயர்களைச் சொல்லச் செய்யும் சோதனையை இத்தாலிய ஆய்வாளர்கள் 2017இல் முன்மொழிந்தனர். பத்துப் பெயருக்கும் குறைந்தால் ஐயம் வலுக்கும். வயதையும் கல்வியையும் கருத வேண்டும். தாய்மொழியையும் கருத வேண்டும் என்பேன். பால்மரக் காட்டில் வாழ்ந்த முதியவரிடம் மலாயிலோ ஆங்கிலத்திலோ கேட்டால், நாம் அளப்பது மூளையின் நலத்தையா, மொழிப்பயிற்சியையா?

லாபிஸ் வட்டாரத் தோட்டத்து உறவினர் ஒருவர் சம்சுவை விட்டு ஓராண்டாகியிருந்தது. அவருக்கு அறுவை எதுவும் நடைபெறவில்லை. நோயே உடலுக்குள் மாற்றுத் தடங்களை உண்டாக்கியிருந்தது. ஒரு மாலை நாக்குழறி, மருமகளைத் தம் தங்கையின் பெயரால் அழைத்தார். மீண்டும் குடித்துவிட்டார் என்று வீட்டார் முகம் கொடுக்கவில்லை. மறுநாள் மயங்கிய நிலையில் மருத்துவமனைக்குக் கொண்டுசென்றோம். பிழைத்தார். “நான் குடிக்கவில்லை” என்பதே கண்விழித்ததும் அவர் சொன்ன முதற்சொல்.

ஆசிரியர்களே, மாணவர்களே, பேச்சைக் கேட்பது நம் தொழில். கல்லீரல் நோயுற்றவரின் சொல் தடுமாறினால் ஒழுக்கத்தை ஐயுறுமுன் உடலை ஐயுறுங்கள். அன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.